வளைவு முடிந்தும் திரும்பாத ஸ்டீயரிங்

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் நான்குவழிச் சாலை. மச்சானின் ஜிம்னியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீளமான ஒரு இடது வளைவு வந்து முடிந்தது. வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும். எந்த வண்டியிலும் அதுதான் வழக்கம். இதில் வரவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. நான் பிடித்து நேராக்கினேன். அது கொஞ்சம் அதிகமாகி வண்டி வலப்பக்கம் போனது, மறுபடி இடப்பக்கம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு லாரியை ஒட்டியபடி, இப்படி இரண்டு முறை அலைந்தது. பக்கத்தில் மச்சான் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். “தூக்குனதிலிருந்து இப்படித்தான் மாப்ள. பழகிடும்னு சொன்னாங்க” என்றார்.

பழகிடும். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது. தார், ஜிம்னி, கூர்க்கா என்று மலைக்கும் காட்டுப் பாதைக்கும் வண்டி வாங்கி, பட்டறையில் விட்டு ஒன்றரை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்ட பலரிடம் இதே சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஸ்டீயரிங் லேசாக மிதக்கும், பழகிடும். அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் அலையும், பழகிடும். டயர் ஓரம் சீக்கிரம் தேயும், மட் டயர் என்றால் அப்படித்தான். இதில் எதுவும் பழகிக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு கோணம் இருக்கிறது. அதை அளக்காமல் வண்டியை வெளியே அனுப்புவது உயிரோடு விளையாடுகிற காரியம்.

வண்டியை ஓரங்கட்டி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தோம். ஸ்பிரிங் மாற்றிய அன்றே எடுத்த வீல் அலைன்மெண்ட் தாள் மடித்தபடி இருந்தது. டோ எண்கள் பச்சை நிறத்தில். கேம்பரும் பச்சை. கேஸ்டர் என்ற வரிக்கு எதிரே எண்ணே இல்லை, வெறும் கோடு.

மச்சான் அந்தத் தாளை நம்பித்தான் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். பச்சையாக இருந்தது, அதனால் சரி என்று நினைத்திருக்கிறார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

டோ, கேம்பர், கேஸ்டர்

அலைன்மெண்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று கோணங்களைச் சேர்த்து. நின்ற இடத்தில் குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகி வெளியே பார்த்தால் டோ-அவுட். முன்சக்கரங்கள் இரண்டும் அப்படித்தான். சக்கரத்தைத் திருப்பும் டை ராடில் லாக் நட்டைத் தளர்த்தித் திருகினால் இது மாறும். தெருமுனைக் கடை வரை எல்லோரும் செய்வது இதைத்தான்.

டோ சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 700 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த விட்டத்தின் முன்னும் பின்னும் அளந்தால் மொத்த டோ 3 மில்லிமீட்டர் பிசகியிருக்கிறது என்று வையுங்கள். பத்து ரூபாய் நாணயத்தை இரண்டாக அடுக்கினால் வருகிற கனத்தைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் தான் பார்க்கும் திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரையில் தேய்த்துத்தான் ஈடுகட்டியாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒரு டயர் இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையில் கிளம்பி மதுரை போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் அந்த டயரைக் குறுக்கே வைத்துத் தார்ச்சாலையில் தேய்த்ததற்குச் சமம். டயர் தின்னுது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். உள்ளங்கையை டயரின் கட்டைகள்மீது உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் உணர்ந்தால், எந்த இயந்திரமும் இல்லாமலே டோ பிசகு தெரிந்துவிடும்.

கேம்பர் என்பது வண்டிக்கு எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது. டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று.

மூன்றாவது கேஸ்டர். கண்ணுக்குத் தெரியாதது இது. ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு செங்குத்தாக இருக்காது; அதன் மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தத் தண்டின் கோட்டை அப்படியே தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். டயர் தரையைப் பற்றும் இடம் எப்போதும் பின்னால் இழுபட்டு வருவதால், சக்கரம் வண்டி போகும் திசைக்கே திரும்பப் பார்க்கிறது. பள்ளிக்கூட வயதில் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியபோது நம்மை நேராகக் கொண்டுபோனதில் இந்தச் சாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு சக்கர வண்டியில் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவருவதிலும், நெடுஞ்சாலையில் வண்டியை அலையாமல் வைத்திருப்பதிலும் இதே சாய்வுதான் வேலை செய்கிறது. சில டிகிரிதான். அந்தச் சில டிகிரி போய்விட்டால் வண்டிக்குத் தன் நேர்கோடு எது என்றே தெரியாது. ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தூக்கினால் ஏன் போகிறது?

ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கிறது. அந்த முன் ஆக்ஸிலை இரண்டு நீண்ட ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஆர்மின் ஒருமுனை ஆக்ஸிலோடு அசையாமல் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை பின்னால் சேஸிஸில் தொங்கும். உயரமான ஸ்பிரிங் போட்டதும் சேஸிஸ் மேலே போகிறது, ஆர்மின் பின்முனையும் அதோடு மேலே போகிறது. ஆனால் முன்முனையில் உள்ள ஆக்ஸில் தரையை விட்டு எழ முடியாது. அதனால் ஆக்ஸில் முழுவதுமாகத் தன் அச்சில் முன்பக்கம் உருளுகிறது. பின்னோக்கிச் சாய்ந்திருந்த ஸ்டீயரிங் அச்சு நிமிர்கிறது. கேஸ்டர் கரைகிறது.

எவ்வளவு கரையும்? ஆர்மின் நீளம் 800 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வண்டி 40 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஆக்ஸில் ஏறக்குறைய 2.9 டிகிரி உருளும். கம்பெனியிலிருந்து வரும்போதே கேஸ்டர் சில டிகிரிதான் என்று சொன்னேன். ஒன்றரை அங்குல ஸ்பிரிங் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய முழு ஆக்ஸிலில் கேஸ்டரும் கேம்பரும் தொழிற்சாலையிலேயே இரும்பில் வடித்து வைத்தவை. திருக ஒரு போல்ட்கூடக் கிடையாது. அலைன்மெண்ட் கடைக்காரரிடம் கேட்டால் “அதுக்கு அட்ஜஸ்ட்மெண்ட் இல்லைங்க” என்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அட்ஜஸ்ட்மெண்ட் இல்லை என்பது வேறு, அளக்கத் தேவையில்லை என்பது வேறு. திருத்துவதற்கான பாகம், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் போடுகிற அன்றே வண்டிக்குள் போயிருக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் ஒரு பிற்பகல்

அன்று மாலை நாங்கள் வால்பாறை ஏற வேண்டியது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஸ்டீயரிங்கோடு ஏற எனக்கு மனம் வரவில்லை. பொள்ளாச்சியில் லாரிக்கும் ஜீப்புக்கும் அலைன்மெண்ட் பார்க்கிற ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டோம். அவர் முதலில் இயந்திரத்தின் பக்கம் போகவே இல்லை. முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இடமும் வலமும் ஆட்டினார். டை ராடு எண்டைக் கையால் பிடித்துக்கொண்டு மச்சானை உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை லேசாக அசைக்கச் சொன்னார். நான்கு டயரிலும் காற்றைப் பார்த்தார். பிறகு வண்டியை நான்குமுறை அழுத்தித் துள்ளவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து சுவரில் எழுதினார். இடதுக்கும் வலதுக்கும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். அது பரவாயில்லை என்றார்.

“ஏனுங்க, ஸ்பிரிங் மாத்துனப்ப ஆர்ம் போல்ட்டை எப்படி டைட் பண்ணுனாங்க? வண்டி தொங்கும்போதா, தரையில நிக்கும்போதா?”

மச்சானுக்குத் தெரியவில்லை. பெரியவர் போல்ட்டுகளைத் தளர்த்தினார். தளர்த்தும்போது ரப்பர் புஷ் ஒன்று சடக்கென்று திரும்பியது காதில் கேட்டது.

அது என்னவென்று பிறகு விளக்கினார். ஆர்ம்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அதுவே ஒரு ஸ்பிரிங்போல வண்டியைப் பொய்யாகத் தூக்கிக் காட்டும், சீக்கிரம் கிழியும். அதனால் வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தின்மேல் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இதைச் செய்யாமல் அலைன்மெண்ட் பார்த்தால், இன்று காட்டும் எண் அடுத்த மாதம் இருக்காது.

அதன்பிறகுதான் சுழல் தட்டுகளின்மேல் முன்சக்கரங்களை ஏற்றினார். பிரேக் மிதியை ஒரு கம்பியால் அழுத்தி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க அல்ல, திரை சொல்லும் அளவுக்குத் திருப்பினார், பிறகு மறுபக்கம். கேஸ்டரை நேரே அளக்க முடியாது. சக்கரம் திரும்பும்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத்தான் இயந்திரம் அதைக் கணக்கிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தினால்தான் தாளில் கோடு விழுகிறது.

திரையில் வந்தது: இடது 0°10′, வலது 0°25′.

(இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. டிகிரிக் குறிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல, நிமிடம்; அறுபது சேர்ந்தால்தான் ஒரு டிகிரி. 2°30′ என்றால் இரண்டரை. இதை 2.3 என்று படித்துவிட்டுக் கம்பெனி அளவோடு ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் உண்டு.)

“சுத்தமா நிமிந்துருச்சுங்க” என்றார் பெரியவர். “இதோட மலை எறங்கிருந்தீங்கன்னா...” முடிக்கவில்லை.

திருத்துவதற்கு வழிகள் உண்டு. மையம் விலகித் துளையிட்ட கேஸ்டர் புஷ்ஷை ஆக்ஸில் முனையில் அழுத்திப் போடலாம். அது ஆக்ஸிலை வேண்டிய அளவு பின்னோக்கி உருட்டிவிடும். ஆர்மின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் போடலாம். அல்லது வேறு கோணத்தில் செய்த ஆர்மையே மாற்றலாம். ஆனால் கேஸ்டரை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. ஆக்ஸிலைப் பின்னோக்கி உருட்டும்போது, அதோடு சேர்ந்த டிஃப்பரன்ஷியலின் மூக்கு கீழே குனிகிறது. அந்த மூக்கில்தான் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டியிருக்கிறது. வண்டி உயர்ந்ததால் ஏற்கெனவே சரிவு கூடிய ஷாஃப்ட்டின் ஜாயின்ட் இன்னும் மடங்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் நான்கு சக்கரத்திலும் ஓட்டும்போது அதிர்வு வரும். கேஸ்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே ஒரு சமரசம் செய்துதான் ஆக வேண்டும். அந்தச் சமரசத்தைச் செய்யத் தெரிந்தவரே லிஃப்ட் போடத் தகுதியானவர் என்பது என் உறுதியான கருத்து.

புஷ் கோவையிலிருந்து வர மறுநாள் மதியமானது. போட்டபின் இடது 2°35′, வலது 2°40′. அதன்பிறகுதான் டோ. கேஸ்டரை மாற்றினால் டோ நகரும், டோவை மாற்றினால் கேஸ்டர் அவ்வளவாக நகராது. அதனால் எப்போதும் டோ கடைசி.

ஒரே ஆக்ஸில் அல்லாத தார்

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தாரின் கதை வேறு. அதன் பின்பக்கம் முழு ஆக்ஸில்; முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களில் தனித்தனியே தொங்குகிறது. இங்கே மலிவான லிஃப்ட் என்பது ஷாக்கின் தலையில் ஒரு ஸ்பேசர் தட்டு வைப்பது. லேத் பட்டறையில் கடைந்தே தந்துவிடுவார்கள். ஷாக் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால், தட்டின் கனத்தைவிட அதிகமாகச் சக்கரம் கீழே போகும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு அங்குலம் என்று கேட்டு வாங்கிய தட்டு வண்டியை அதைவிடக் கணிசமாகத் தூக்கிவிடும்.

சக்கரம் கீழே போகும்போது இரண்டு ஆர்ம்களும் வேறு வேறு வட்டங்களில் இறங்குகின்றன. கேம்பர், கேஸ்டர், டோ மூன்றுமே இடம் மாறும். பால் ஜாயின்ட் தன் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் சரிவு கூடி, அதன் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். பூட் கிழிந்தால் கிரீஸ் போகும், மண் போகும், ஜாயின்ட் போகும். டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பினால் மீதி இரண்டும் சிவப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உயரத்தை அடக்கமாக வைத்து, அதற்கென்றே கோணம் மாற்றிச் செய்த மேல் ஆர்மையும் சேர்த்துப் போடுவதுதான் முறை. செலவு கூடும். அந்தச் செலவைச் செய்ய முடியாதவர் வண்டியைத் தூக்காமல் நல்ல டயர் மட்டும் போட்டுக்கொள்வதே மேல்.

2010 முதல் வந்த பழைய தாரில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் கமான் பட்டை. டார்ஷன் பாரின் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும்பும். பைசா செலவில்லை என்பதால் அதைச் செய்யாத பழைய தாரைப் பார்ப்பது அரிது. ஆனால் போல்ட்டைத் திருகுவதால் கம்பியின் வலு கூடுவதில்லை. சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டு உயரமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் டக்கென்று முட்டும். முன்பக்கம் மட்டும் எழும்புவதால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும். அலைன்மெண்டோடு ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும். இரவில் மலைப்பாதையில் எதிரே வருகிற பைக்காரருக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

இன்னும் பழைய ஜீப்புகளில் நான்கு பக்கமும் கமான் பட்டைதான். 1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா ஒன்றுகூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம் அது. கொழுக்குமலை அடிவாரத்தில், சூரியநெல்லியிலிருந்து விடியற்காலையில் பாறைமேல் ஏறும் ஜீப்புகளில் இந்த வம்சத்தை இன்றும் பார்க்கலாம். இவற்றை உயர்த்த, பட்டையின் ஒருமுனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது வழக்கம். முன் பட்டையின் ஒருமுனை மட்டும் இறங்குவதால் ஆக்ஸில் உருண்டு கேஸ்டர் போகும். தீர்வு எளிது: பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு ஷிம். கனமான பக்கம் முன்னாலா பின்னாலா என்பதில்தான் தவறு நடக்கும். திருப்பிப் போட்டால் நோய் இரட்டிப்பாகும். பட்டையை ஆக்ஸிலுக்கு அடியிலிருந்து மேலே மாற்றுபவர்கள் புதிய இருக்கையை வெல்டு செய்வதற்கு முன்பே கோணத்தை அளந்துகொள்ள வேண்டும், வெல்டுக்குப் பிறகு அறுத்துத்தான் திருத்த முடியும். கொழுக்குமலைப் பாதையில் அந்த ஜீப்புகள் ஆள் நடக்கும் வேகத்தில் போகின்றன. அங்கே கேஸ்டர் குறைந்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். அதே கோணத்தோடு தேசிய நெடுஞ்சாலைக்கு வந்தால்தான் ஆபத்து. நம்மில் பெரும்பாலோர் பாறையில் ஓட்டுவது ஆண்டுக்குச் சில நாள். அந்தப் பாறைக்குப் போய்ச் சேர்வது தார்ச்சாலையில்தான்.

நடுக்கம்

முழு ஆக்ஸில் வண்டிகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு. எழுபது எண்பதில் போகும்போது பாலத்தின் இணைப்பிலோ சின்னக் குழியிலோ ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாக உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். கண்ணாடிகள் அதிரும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். ஜீப் ராங்ளர் ஓட்டும் அமெரிக்கர்கள் இதற்கு மரண நடுக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அனுபவித்தவர்களுக்கு அந்தப் பெயர் மிகையாகப் படாது. அப்படி வந்தால் பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெல்ல வேகத்தை இறக்கி ஓரம் கட்ட வேண்டும்.

பலர் இதற்கு உடனே புது ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். டேம்பர் நடுக்கத்தை அமுக்கும்; காரணத்தைத் தொடாது. தேய்ந்த பால் ஜாயின்ட், பேலன்ஸ் இல்லாத பெரிய டயர், குறைந்துபோன கேஸ்டர் எல்லாம் காரணமாகலாம். எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது பேனார்ட் ராடின் இரண்டு முனைகள். ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடிவிடாமல் சேஸிஸோடு பிடித்து வைப்பது அந்தக் கம்பிதான். அதன் புஷ் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் நடுக்கத்துக்கு வாசல் திறந்துவிடும்.

வண்டியைத் தூக்கும்போது இந்தக் கம்பியின் சரிவு கூடும். சரிவு கூடினால் கிடைமட்ட நீளம் குறையும். கம்பி எந்தப் பக்கம் சேஸிஸில் மாட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாக ஆக்ஸில் சில மில்லிமீட்டர் இழுபடும். ஒரு பக்க டயர் மட்கார்டுக்கு வெளியே கொஞ்சம் அதிகமாக நீட்டுவது இதனால்தான். நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய ராடு போட்டால் ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் இந்தக் கம்பியும் ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கி மற்றதை விட்டுவிட்டால், குழியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் திருப்பாமலே ஸ்டீயரிங் திரும்பும்.

2024இல் வந்த தார் ராக்ஸின் பின் ஆக்ஸிலில் பேனார்ட் ராடுக்குப் பதில் வாட்ஸ் லிங்கேஜ் இருக்கிறது. உயரம் மாறினாலும் ஆக்ஸிலைப் பெரும்பாலும் நடுவிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தின் கம்பி நேராக ஏறி இறங்குவதற்காக 1784இல் யோசித்தது. இருநூற்று நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த யோசனை நம் ஊர் வண்டியின் அடியில் உழைக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

பச்சைத் தாளுக்கு அப்பால்

அலைன்மெண்ட் இயந்திரத்தில் வண்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் வருகிற பச்சை எல்லை, தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் வண்டிக்கானது. உயர்த்திய வண்டிக்கு அந்த எல்லை ஒரு வழிகாட்டிதான். பெரிய, கனமான டயர் போட்டிருந்தால் பழைய கேஸ்டர் அளவு போதாமலும் போகலாம். கடைசித் தீர்ப்பு சாலையில். அதற்கும் ஒரு முறை உண்டு. நம் சாலைகள் மழைநீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்தவை. இடது ஓரத்தில் ஓட்டும்போது எந்த வண்டியும் சற்று இடப்பக்கம்தான் நழுவும். அதைப் பார்த்து வலது இழுப்பு வைக்கச் சொல்லிக் கடைக்காரரை வற்புறுத்தக் கூடாது. சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முழு ஆக்ஸில் வண்டியை உயர்த்தியதும் டிராக் லிங்க்கின் சரிவு மாறி ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நிற்கும். சிலர் ஸ்டீயரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். இது தவறு. ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அதை நம்பித்தான் பிரேக் போடுகிறது. கோணலான ஸ்டீயரிங்கைப் பார்த்து, நேர்சாலையில் நாம் திரும்புகிறோம் என்று அது தப்புக் கணக்குப் போடக்கூடும். டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தி நேராக்கி, சென்சாரின் பூஜ்யத்தையும் ஸ்கேனர் வைத்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. வண்டி உயர்ந்ததும் அது சுமையே இல்லை என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியையும் அன்றே திருத்தியாக வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எஸ்டேட்டுக்குள்ளும் போட்டிக்கும் ஓட்டுபவர்கள்கூட, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மச்சானிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங்கை மறுபடி பழைய உயரத்துக்கு இறக்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இறக்கினால் கேஸ்டர் புஷ்ஷையும் மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும் என்பதும் அவருக்கு இப்போது தெரியும்.

புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் உட்காரும். அதனால் ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வரச் சொல்லியிருந்தார் பெரியவர். போனோம். மறுபடி டேப், சுவரில் பழைய எண்களுக்குக் கீழே புது எண்கள். முன்பக்கம் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கேஸ்டர் இரண்டு பக்கமும் கால் டிகிரிபோல ஏறியிருந்தது. டோவை மட்டும் ஒரு நூல் திருத்தினார். எல்லா போல்ட்டிலும் டார்க் ரெஞ்ச் போட்டு, இறுக்கிய இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்தார். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கோவைக்குத் திரும்பும்போது இரவாகிவிட்டது. அதே சாலை, இந்தமுறை அந்த வளைவு வலப்பக்கமாக வந்தது. வளைவின் முடிவில் கையைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கையை உரசிக்கொண்டு சுழன்று நடுவுக்கு வந்து நின்றது. மச்சானிடம் சொல்லத் திரும்பினேன். கைப்பிடியை விட்டுவிட்டு, கண்ணாடியில் தலை சாய்த்து, அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.